நாற்பது நிமிடத்தில் முடிந்துபோன புத்தகம்

நான் முதன்முதலில் கைக்காசு போட்டு வாங்கிய கிராஃபிக் நாவல், அதாவது படக்கதையாக வரைந்த முழுநீளப் புத்தகம், நாற்பது நிமிடத்தில் முடிந்துபோயிற்று. விலை 500 ரூபாய். நிமிடத்துக்குப் பன்னிரண்டரை ரூபாய் என்று மனசு கணக்குப் போட்டது. அதே காசுக்கு ஒரு தடித்த நாவல் வாங்கியிருந்தால் இரண்டு வாரப் பேருந்துப் பயணத்துக்குக் காணும். ‘படம் ஒன்றும் பிரமாதமில்லை, கதை பரவாயில்லை’ என்று நண்பனிடம் சொல்லிவிட்டு அலமாரியில் செருகிவிட்டேன்.

சில மாதம் கழித்து, படிக்க வேறெதுவும் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையே மறுபடி எடுத்தேன். இந்த முறை முதல் பக்கத்தைத் தாண்டவே கால்மணி நேரம் ஆனது. முதல் தடவை நான் படித்தது பேச்சு பலூனுக்குள் இருந்த எழுத்தை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. படங்களின் மேல் கண் பட்டிருந்தது, அவ்வளவே.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அது ஊறிப்போன பழக்கம். 1972-இல் இரும்புக்கை மாயாவி தமிழுக்கு வந்த நாளிலிருந்து சிவகாசிப் புத்தகங்களை நாங்கள் படித்தது அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். மின்சாரம் தாக்கியதும் மாயாவி மறைவான், கை மட்டும் தெரியும். அந்த ஓட்டத்துக்கு வேகமான கண்தான் சரி. ஆனால் அந்தக் கண்ணோடு சுயாதீன காமிக்ஸுக்குள் போனால், கச்சேரிக்குப் போய்ப் பாட்டின் வரிகளை மட்டும் குறித்துக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

அதென்ன சுயாதீனம்? பலர் இதை ஒரு கதை வகை என்று நினைக்கிறார்கள்: கறுப்பு வெள்ளை, சோகம், சுயசரிதை. உண்மையில் இது சொத்துரிமை சம்பந்தப்பட்ட சொல்: படைப்பு அதை உருவாக்கியவர் கையிலேயே இருப்பது. 1938-இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பாத்திரம் கோடிகளைக் கொட்டியது, நிறுவனத்துக்கு. அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் காமிக்ஸ் பெரும்பாலும் தொழிற்சாலை முறையில் உருவாவது: ஒருவர் கதை எழுதுவார், ஒருவர் பென்சிலில் வரைவார், ஒருவர் அதன்மேல் மை போடுவார், ஒருவர் நிறம், இன்னொருவர் எழுத்து. பாத்திரம் இவர்களில் யாருக்கும் சொந்தமில்லை. கதாநாயகன் சாகலாமா, கிழவனாகலாமா என்று தீர்மானிப்பதும் இவர்கள் இல்லை.

1954-இல் அங்கே தணிக்கை விதிகளும் வந்து சேர்ந்தன. ரத்தக்காட்டேரி கூடாது, கெட்டவன் ஜெயிக்கக் கூடாது என்று நீளும் பட்டியல். விதிகளுக்கு உட்பட்டது என்ற முத்திரை இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர் பெரும்பாலும் தொடமாட்டார். கடையே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களிடமிருந்துதான் மாற்று காமிக்ஸ் பிறந்தது. 1968-இல் ஓவியர் ராபர்ட் கிரம்பின் ‘ஜாப் காமிக்ஸ்’ முதல் இதழைக் குழந்தை தள்ளும் வண்டியில் வைத்து சான் பிரான்சிஸ்கோ தெருவில் விற்றார்கள். 1980-இல் ஆர்ட் ஸ்பீகல்மனும் பிரான்ஸுவாஸ் மூலியும் ‘ரா’ என்ற இதழைத் தாங்களே தொடங்கினார்கள். நாஜிகளின் யூதப் படுகொலையில் தப்பிய தன் அப்பாவின் கதையை, யூதர்களை எலிகளாக வரைந்து ஸ்பீகல்மன் சொன்ன ‘மௌஸ்’ அதில்தான் தொடராக வந்தது. 1992-இல் அதற்கு புலிட்சர் சிறப்பு விருது கிடைத்த பிறகுதான், காமிக்ஸ் என்றால் முகம் சுளித்தவர்கள் ‘கிராஃபிக் நாவல்’ என்று மரியாதையாக அழைக்கத் தொடங்கினார்கள். (அந்தச் சொல் ஓவியர் வில் ஐஸ்னர் 1978-இல் தன் புத்தக அட்டையில் போட்டுப் பிரபலமாக்கியது. என்னைக் கேட்டால், கடைக்காரர் அலமாரி மாற்றி வைக்க உதவிய சொல், அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை.)

சுயாதீனம் என்பதால் ஒரு புத்தகம் நல்லதாகிவிடாது. தன் இஷ்டப்படி வரையக் கிடைத்த சுதந்திரத்தை வீணடித்தவர்களும் ஏராளம். ஒன்று மட்டும் நிச்சயம்: பெரும்பாலும் ஒரே ஆளோ இரண்டே பேரோ எல்லாவற்றையும் முடிவு செய்திருப்பதால், பக்கத்தில் இருக்கும் எதையும் ‘ஏன் இப்படி?’ என்று கேட்கலாம். பதில் இருக்கும், அல்லது இருந்திருக்க வேண்டும். மதிப்பிடுவது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

முதலில் கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளி. ஆங்கிலத்தில் சாக்கடைக்கு வழங்கும் அதே சொல்லைத்தான் இதற்கும் சொல்கிறார்கள். நான் ‘சந்து’ என்றே சொல்லிக்கொள்கிறேன். இப்படி ஒரு மூன்று கட்டத்தை நினைத்துப் பாருங்கள். முதல் கட்டம்: அடுப்பில் பால் பாத்திரம். இரண்டாவது: கூடத்தில் அம்மா கைபேசியைக் காதில் வைத்து நிற்கிறாள், முகம் தெரியவில்லை. மூன்றாவது: அடுப்பெல்லாம் பால் வழிந்து கிடக்கிறது, பர்னர் அணைந்திருக்கிறது. பால் பொங்குவதை யாரும் வரையவில்லை. பொங்க விட்டது நீங்கள். அந்த அழைப்பு நல்ல செய்தி இல்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை, அதுவும் உங்கள் வேலைதான். ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல் காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே வரைந்த புத்தகத்தில் இந்தச் சந்துதான் இக்கலையின் இதயம் என்று வாதிட்டார்.

இப்போது அதே மூன்று கட்டத்தில் இரண்டாவதன் தலையில் ‘அந்தச் செய்தியைக் கேட்டு அம்மா அதிர்ந்து போனாள்’ என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். சந்து அடைபட்டுவிட்டது. புதிதாக வரைய வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்: படம் சொன்னதையே எழுத்தும் சொல்வது. ஆள் அழுகிறான், மேலே ‘நான் அழுதேன்’. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு பக்கத்தின் எழுத்துகளைக் கையால் மறைத்துப் படங்களை மட்டும் பாருங்கள். பிறகு படங்களைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படியுங்கள். இரண்டு தடவையும் ஒரே கதை முழுதாகக் கிடைத்தால் அந்தப் பக்கத்தில் பாதி வேலை தண்டம். இரண்டு தடவையும் ஏதோ குறைந்து, சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் நிறைந்தால், ஆசிரியருக்குத் தொழில் தெரியும்.

என் 500 ரூபாய்ப் புத்தகத்துக்கு வருகிறேன். மர்ஜான் சத்ராபியின் ‘பெர்செபோலிஸ்’. ஈரானில் புரட்சிக்குப் பிறகு வளரும் ஒரு சிறுமியின் கதை, தமிழிலும் வந்திருக்கிறது. முதல் பக்கத்தின் முதல் கட்டத்தில் முக்காடு போட்ட பத்து வயதுச் சிறுமி, கைகட்டி, சிரிப்பில்லாமல் நம்மைப் பார்க்கிறாள். 1980-ஆம் ஆண்டின் நான் இவள்தான் என்கிறார் ஆசிரியர். அடுத்த கட்டம் வகுப்புப் புகைப்படம். இடது ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரியமாட்டேன் என்று எழுத்து சொல்கிறது. மற்ற நான்கு பெண்களுக்கும் பெயர் இருக்கிறது. இவளைக் கட்டத்தின் கோடு வெட்டிவிட்டது. ஓரத்தில் துளி மட்டும் எட்டிப் பார்க்கிறாள்.

முதல் வாசிப்பில் இதை ஒரு நகைச்சுவையாகக் கடந்துவிட்டேன். இரண்டாம் முறைதான் விஷயம் பிடிபட்டது. கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே தள்ளப்பட்ட ஒருத்தியின் கதை இது என்று இரண்டாவது படத்திலேயே சொல்லியாயிற்று, ஒரு வரி தத்துவம் பேசாமல். இன்னொன்றும் பாருங்கள். நான்கு பெண்களுக்கும் ஒரே முக்காடு, ஒரே கறுப்பு. ஆனால் ஒருத்திக்கு நெற்றியில் முடி எட்டிப் பார்க்கிறது, ஒருத்தியின் கண் வேறு. சீருடைக்குள் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்ட ஓவியருக்கு இரண்டே கோடு போதுமாக இருக்கிறது. பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் பள்ளி முற்றம் முழுக்கக் குழந்தைகள், முக்காட்டைக் கயிறாக்கிக் குதிக்கிறார்கள், குதிரை ஓட்டுகிறார்கள், பூச்சாண்டி காட்டுகிறார்கள். அரசாங்கம் ஒரு துணியைக் கொடுத்து இதற்கு ஒரே அர்த்தம்தான் என்றது. பிள்ளைகள் அரை நிமிடத்தில் ஆறு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ‘படம் பிரமாதமில்லை’ என்று நான் சொன்ன தீர்ப்பு தப்பாகிப்போகிறது. சத்ராபியின் கோடுகள் குழந்தை வரைந்த மாதிரி இருக்கும். நிழல் தீட்டல் இல்லை, நிறம் இல்லை. அப்போது பிரான்ஸில் காமிக்ஸ் என்றால் கெட்டி அட்டை, முழு நிறம், 48 பக்கம் என்று ஒரு வாய்ப்பாடு. அதை மறுத்து 1990-இல் சில ஓவியர்களே கூடித் தொடங்கிய பதிப்பகம் ‘லாசோசியாசியோன்’. பெர்செபோலிஸ் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக அங்கேதான் வந்தது. கறுப்பு வெள்ளையும் எளிமையும் அந்த இடத்துக்கே உரிய தேர்வு. கதைக்கும் அதுதான் பொருந்துகிறது, ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரு குழந்தையின் கண் பார்க்கிறது. துண்டு துண்டாக்கப்பட்ட மனித உடல் ஒன்றைச் சிறுமி கற்பனை செய்யும்போது அது உடைந்த பொம்மை மாதிரி இருக்கிறது. அவளுக்குத் தெரிந்தது பொம்மைதானே. அதைத் தத்ரூபமாக வரைந்திருந்தால் நமக்கு அருவருப்பு வந்திருக்கும், அவளுடைய அறியாமை தெரிந்திருக்காது.

அப்படியானால் கோணல்மாணலாக வரைந்த எல்லாமே கலையா? அதுவும் இல்லை. தெரிந்து எளிமையாக்கியதையும் கை வராமல் போனதையும் பிரித்தறிய நான் மூன்று நான்கு பக்கம் தள்ளிப் பார்ப்பேன். அதே ஆள் அதே ஆளாகத் தெரிகிறாரா? கூட்டத்தில் யார் பேசுகிறார் என்று தேட வேண்டியிருக்கிறதா? ஓவியருக்கு வரக் கஷ்டமான கை, சைக்கிள், நடக்கும் கால் எல்லாம் மேசைக்குப் பின்னாலும் கட்டத்துக்கு வெளியேயும் ஒளிந்துகொள்கின்றனவா? பக்கத்துக்குப் பக்கம் தலைகள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் சந்தேகப்படலாம். எளிய கோடு தெளிவாக இருந்தால் போதும், அழகு அப்புறம்.

கோட்டைவிட அதிகம் கவனிக்க வேண்டியது பக்கத்தின் அமைப்பு. நாவலில் எந்தப் பக்கத்தில் எந்த வரி விழுகிறது என்பதை அச்சகம் தீர்மானிக்கும். காமிக்ஸில் பக்கம்தான் வாக்கியம். பத்திரிகையாளரும் ஓவியருமான ஜோ சாக்கோ 1991-92 குளிர்காலத்தில் மேற்குக் கரைக்கும் காஸாவுக்கும் போய் வந்து வரைந்த ‘பாலஸ்தீனம்’, 1993 முதல் ஒன்பது இதழ்களாக வந்தது. அதில் இஸ்ரேல் பிடித்துவைத்த விசாரணைக் கைதி ஒருவரின் கதை இருக்கிறது. பிடித்துப் போகும்போது பக்கத்துக்கு மூன்று நான்கு பெரிய கட்டங்கள். தலையில் சாக்கை மாட்டி, நாற்காலியில் கட்டி உட்கார வைத்த பிறகு கட்டங்கள் சிறுக்கின்றன, எண்ணிக்கை ஏறுகிறது. ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு, கடைசியில் ஒரே பக்கத்தில் இருபது சிறு சதுரங்கள். சந்துகள் கறுப்பு. ஏறத்தாழ ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது: உட்கார்ந்திருக்கும் ஆள், சாக்கு மூடிய தலை. நமக்கே மூச்சு முட்டும். எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு அவருக்கு நழுவுவதுபோல நமக்கும் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது நழுவுகிறது. விடுதலையாகித் தெருவுக்கு வந்ததும்தான் கட்டம் விரிகிறது. ‘கொடுமையாக இருந்தது’ என்று எங்கும் எழுதவேயில்லை.

இதைக் கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கித் தள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இருபது சதுரமும் திரையில் ஒரே அளவில் வரும். ஆசிரியர் கட்டிய சிறை கரைந்துபோகும். அதனால்தான், முடிந்தவரை காகிதத்தில் படியுங்கள், இல்லையென்றால் முழுப் பக்கமும் ஒருசேரத் தெரியும் திரையிலாவது என்கிறேன். முதல் கட்டத்துக்குள் நுழையும் முன் பக்கத்தை ஒரு முறை மொத்தமாகப் பார்ப்பதும் நல்ல பழக்கம், கோலத்தைத் தள்ளி நின்று பார்ப்பதுபோல. ‘மௌஸ்’ முதல் பாகத்தில் போக இடமில்லாத கணவனும் மனைவியும் நடக்கும் பாதை மேலிருந்து தெரியும் ஒரு படம் உண்டு. நான்கு தெருக்கள் கூடும் அந்த முனையின் வடிவம் ஸ்வஸ்திகா. நாஜிகளின் சின்னமே தெருவாகக் கிடக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள்தான். எழுத்தை மட்டும் படித்துப் போனவர்களுக்கு அது வெறும் நான்குமுனைச் சந்திப்பு.

கட்டமே இல்லாமலும் எழுதலாம். ‘பீமாயணா’ (2011) அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களைச் சொல்லும் புத்தகம். ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும், அப்படி வரையமாட்டோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். பதிலுக்குத் தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் ‘திக்னா’ என்ற கோலத்தை எடுத்துப் பக்கம் முழுக்க வளைத்து வளைத்து ஓடவிட்டார்கள். கண் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு போகிறது. சாதிச் சுவர்களைப் பற்றிய புத்தகத்தில் பக்கத்துக்குள் சுவரில்லை என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அதில் பேச்சு பலூன்களையும் பாருங்கள். அடிபடுகிறவர்கள், அன்பாகப் பேசுகிறவர்கள் சொல்வதெல்லாம் பறவை உருவத்தில் இருக்கும். சாதித் திமிரோடு வரும் சொல்லுக்குத் தேள் கொடுக்கு வால். மனசுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். ‘தண்ணி கேட்டா தேள் கொட்டற மாதிரி பேசுவாங்க’ என்று நம் ஊரில் சொல்வதை இவர்கள் அப்படியே வரைந்துவிட்டார்கள். படிக்கத் தெரியாத பாட்டியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினால்கூட யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்.

எழுத்துரு பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தமிழ் வாசகருக்கு இது முக்கியம். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பலூனில் தமிழ் மொழிபெயர்ப்பைத் திணிக்கிறார்கள். நம் சொற்கள் நீளம். மேலே ஒரு கொம்பு, கீழே ஒரு சுழி என்று வரிக்கு இடமும் கூடுதலாக வேண்டும். விளைவு: எழுத்து கடுகாகச் சுருங்கும், அல்லது பலூன் சுவரை முட்டும். கையால் வரைந்த நடுங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் வரும் எழுத்துரு வந்து உட்கார்ந்தால் எனக்கு அந்தப் பக்கமே செத்துவிடுகிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் வசனத்தைப் பலூனுக்கேற்ப வெட்டுவார். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் பார்க்கும் முதல் அடையாளங்களில் இதுவும் ஒன்று.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. சுயாதீன காமிக்ஸில் பெரும்பங்கு சாட்சியம்: போர், சிறை, அகதி வாழ்க்கை. ‘பாவம், எவ்வளவு கஷ்டம்’ என்று உருகிவிட்டால் புத்தகத்தை மதிப்பிடும் வேலை நின்றுபோகிறது. பொருள் கனமானது என்பதற்காகப் புத்தகம் தேறிவிடாது. யார், எங்கே நின்றுகொண்டு, யாருடைய கதையை வரைகிறார் என்று கேட்க வேண்டும். சாக்கோ தன்னையே பக்கத்துக்குப் பக்கம் வரைந்து வைக்கிறார். தடித்த உதடு, வட்டக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கண் இருக்காது. ஒரு வெளியூர்க்காரன் பார்க்கிறான், அவனுக்கு எல்லாம் தெரியாது என்பதை மறக்கவே விடமாட்டார். ஸ்பீகல்மன் ‘மௌஸ்’ இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் தன்னை எலியாக வரையவில்லை. எலி முகமூடியைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்ட மனிதனாக, வரைபலகை முன் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் பிணக்குவியல். அப்பாவின் துயரத்தை வரைந்து பெயர் வாங்கியாயிற்று என்ற உறுத்தலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

ஈழப் போரைச் சொல்லும், நமக்கு நெருக்கமான ‘வன்னி’யையும் (2019) இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். எழுதிய பெஞ்சமின் டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர், 2008-இல் ஐ.நா. வெளியேறியபோது அவரும் வெளியேற வேண்டியிருந்தது. வரைந்தவர் லிண்ட்சே பொல்லக். பிழைத்து வந்தவர்களின் வாக்குமூலங்களைக் கோத்து ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கினார்கள். பலர் அனுபவம் ஒரே வீட்டின் மேல் வந்து இறங்குவதில் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. எல்லாப் பேரிடரும் அந்தக் குடும்பத்துக்கே நடக்கிறதே என்று ஓரிடத்தில் தோன்றியது. அதே சமயம், பதுங்குகுழியை வெளியிலிருந்து அல்லாமல் உள்ளே உட்கார்ந்து பார்க்க வைப்பதற்குப் படத்தால்தான் முடியும். ஈழத்து வாசகர்கள் இதில் என்னைவிட நுட்பமாகச் சரி தவறு சொல்வார்கள், வீட்டு முற்றமும் சமையல் பாத்திரமும் அவர்களுக்குத் தெரிந்தவை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் ‘மௌஸ்’ என்பார்கள், நான் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைப்பேன். நெருக்கமான கோடு, நிறைய எழுத்து, கனத்த பொருள். புதுக் கண் களைத்துவிடும். ‘பெர்செபோலிஸ்’ காற்றோட்டமாக இருக்கும், ஒரே மாலையில் வேகமாக முடித்துவிடுங்கள், பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி, மெதுவாக. அதற்கடுத்து ‘பீமாயணா’, கட்டமில்லாத பக்கத்தில் கண் எங்கே போகிறது என்று பார்க்க. புத்தகக் கண்காட்சியில் பெயர் தெரியாத ஒன்றைக் கையில் எடுத்தால், அட்டையையும் பின்னட்டைப் பாராட்டையும் விட்டுவிட்டு நடுவில் திறந்து, நின்றபடி நான்கு பக்கம் எழுத்தைப் படிக்காமல் பாருங்கள். என்ன நடக்கிறது என்று ஓரளவு புரிந்து, ஆனால் ஏன் என்று தெரியாமல் எழுத்தைப் படிக்கக் கை பரபரத்தால் பில் போடச் சொல்லலாம்.